மதுரை நகைக்கடை முதலாளிகளுக்கு, கவுன்டரில் நிற்கும் ஒருத்தியின் திறந்த மடல்

வணக்கம்.

மதுரையில் நகைக்கடை நடத்தும் முதலாளிகளுக்கும், கிளைகளுக்கு மேலாளர்களைப் பார்த்து அனுப்பும் அவர்களுடைய அலுவலகத்தாருக்கும் இதை எழுதுகிறேன். நான் 13 வருடமாக நகைக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். முதல் 7 வருடம் தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு பழைய கடையில் இருந்தேன். அடுத்த 6 வருடம் மூன்று மாடி வைத்த ஒரு பெரிய கடையில். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் இது ஒரு கடையின் சண்டையாகிவிடும். பெயர் இல்லாமல் படித்தால், இந்த ஊரில் கவுன்டரில் நிற்கிற பல பெண்கள் "இது நம்ம கடைதானே" என்று கேட்பார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒரு மோதிரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2.350 கிராம். நடுவில் ஒரு பூ வைத்த சாதாரணப் பெண்கள் மோதிரம். 2023 கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள் இரவு, ஸ்டாக் டேலி பார்க்கும்போது எங்கள் மோதிர கவுன்டரில் ஒரு பீஸ் குறைந்தது. இரவு 9.30-க்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ட்ரேக்களை எல்லாம் தரையில் விரித்து மறுபடி எண்ணினோம். டேக்குகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். குப்பைக் கூடையைக் கொட்டித் துழாவினோம். மிதியடியைத் தூக்கி உதறினோம். கவுன்டரில் நான்கு பேர். நான்கு பேருடைய பையும் டிபன் டப்பாவும் திறந்து பார்க்கப்பட்டன. அப்புறம் பெண் செக்யூரிட்டி எங்களை ஒவ்வொருவராக டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கூட்டிப்போய் பின்னலை அவிழ்க்கச் சொன்னார். எங்களில் ஒரு பெண்ணுக்கு அன்று மாதவிடாய். அவளிடம் என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேலாளர் மாடியில் சிசிடிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி வரவே இல்லை. "கிடைக்கும் வரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது" என்று போனில் சொன்னதோடு சரி. 11.40-க்கு எங்களை விட்டார்கள். மேலூர்ப் பக்கம் போகிற பெண்ணுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அவள் அண்ணன் பைக் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி வரைக்கும் மாட்டுத்தாவணியில் அவளைத் தேடினார். அவளுடைய போன் கடை லாக்கரில் இருந்தது, எடுக்க அனுமதி கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் தீர்ப்பு வந்துவிட்டது. மோதிரத்தின் விலையை நான்கு பேரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அப்போது கிராம் சுமார் 5,700 ரூபாய். தங்கத்தின் விலை மட்டும் என்றால் 13,400-க்குள் முடியும். ஆனால் எங்களிடம் கேட்டது 15,400. சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துப் பில் போட்டிருந்தார்கள். நாங்கள் அந்த மோதிரத்தை வாங்கியவர்கள் போல. ஆளுக்கு 3,850 ரூபாய், இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம். எங்கள் சம்பளம் அப்போது 14,500.

பத்தொன்பது நாள் கழித்து மோதிரம் கிடைத்தது. ஒரு ஹோட்டலில் நடந்த நகைக் கண்காட்சிக்காக மேலாளர் எங்கள் கவுன்டரில் இருந்து 30 மோதிரம் எடுத்துப் போயிருந்தார். அவசரத்தில் எழுதிய சீட்டில் 29 என்று இருந்தது. முப்பதாவது மோதிரம் வெல்வெட் பெட்டியின் ஓரத் துணிக்குள் சொருகிக் கிடந்தது. பெட்டியை அடுத்த கண்காட்சிக்காகத் திறந்தபோதுதான் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஸ்டாக் திரும்பவும் சேர்ந்திருப்பதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம். மூன்று பேருக்குப் பணம் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நான்காவது பெண்ணைப் பற்றி இந்த மடலின் கடைசியில் சொல்கிறேன்.

பொருள் காணாமல் போனதற்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் அந்த ஆளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவால்தான் போனது என்று தெரிந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சம்பளச் சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "சார் முந்தாநாள் கண்காட்சிக்கு ட்ரே எடுத்துப் போனாரே, அந்தச் சீட்டைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நாங்களே சொல்லியிருப்போம். உண்மையில் ஒரு பெண் அதைச் சொல்லவும் செய்தாள். "மேலாளர் மேல் பழி போடுகிறாயா" என்று அவளை அதட்டினார்கள்.

இந்த இடத்தில் பழைய கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளம் குறைவு, பிஎஃப் கிடையாது, முதலாளிக்குக் கோபம் வந்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே திட்டுவார். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பெட்டகத்தில் இருந்து ட்ரே வெளியே வரும்போது அவரும் எங்களோடு உட்கார்ந்து எண்ணுவார். ஒரு நீளக் கணக்கு நோட்டில் எண்ணிக்கையும் மொத்த எடையும் எழுதி அவர் ஒரு கையெழுத்து, நாங்கள் ஒரு கையெழுத்து. இரவும் அதே மாதிரி. நடுவில் அவரே ஒரு சங்கிலியை எடுத்து வீட்டுக்குக் காட்டக் கொண்டுபோனாலும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போவார். "நான் எழுதாம எடுத்தா நாளைக்கு உன்னத்தான சந்தேகப்படுவேன்" என்பார். ஏழு வருடத்தில் அங்கே ஒரே ஒரு மூக்குத்தி குறைந்தது. அதற்கு யார் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. ஏனென்றால் அது எந்த நேரத்துக்குள் போனது என்று நோட்டே காட்டியது. அந்த நேரத்தில் கடையில் இருந்த கூட்டம் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய கடையில் பார்கோடு இருக்கிறது, சாஃப்ட்வேர் இருக்கிறது, 64 கேமரா இருக்கிறது. ஆனால் எங்களோடு உட்கார்ந்து எண்ணுகிற ஆள் இல்லை. காலையில் ட்ரே வரும்போது வாசலில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார். "எண்ண நேரம் இல்லை, கையெழுத்துப் போடு" என்பார்கள். எண்ணாமல் போட்ட அந்தக் கையெழுத்துதான் இரவில் எங்களுக்கு எதிராக வரும். முதலாளிகளே, உங்கள் கடையில் பீஸ் குறைகிறது என்று உங்களுக்கு அறிக்கை வரும்போது, அன்று காலையில் அதை யார் எண்ணி யாரிடம் கொடுத்தார்கள் என்று ஒரு முறை கேளுங்கள்.

எங்கள் மேலாளரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் இதற்கு முன்னால் மொபைல் கடைகளில் வேலை பார்த்தவர். நல்ல விற்பனையாளர். ஆனால் நகையைப் பற்றி அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. வந்து மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் வளையலில் இருக்கும் ஹெச்.யு.ஐ.டி எண்ணை, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கிற அடையாள எண்ணை, காட்டச் சொன்னார். 2023 ஏப்ரல் 1-இல் இருந்து ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது, அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தூய்மை முதல் ஹால்மார்க் செய்த மையம் வரை எல்லாம் வரும். மேலாளர், "916 இருக்கே மேடம், அது போதும்" என்றார். அந்த அம்மா வளையலை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான்தான் பின்னால் ஓடி லென்ஸை எடுத்துக் கொடுத்து, எண்ணைக் காட்டி, அவர் போனிலேயே பார்க்கச் செய்தேன். வளையல் விற்றது. அன்று மாலை கூட்டத்தில், மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசினேன் என்று எனக்கு எச்சரிக்கை.

தெரியாதது குற்றம் இல்லை. தெரிந்தவர் சொன்னால் கேட்கக் கூடாது என்ற வழக்கம்தான் கடையைக் கெடுக்கிறது. கல் வைத்த நெக்லஸில் மொத்த எடையில் இருந்து கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும் என்பதுகூட அவருக்கு முதல் மாதம் பிடிபடவில்லை. கவுன்டரில் மூன்று மாதம் நின்று, பழைய நகை வாங்கும் இடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, அப்புறம் மாடிக்கு ஏறியிருந்தால் அவருக்கே எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! தலைமை அலுவலகத்தில் இருந்து மணிக்கு ஒரு வாட்ஸ்அப் வரும், "இதுவரைக்கும் எத்தனை கிராம்?" என்று. அந்த மெசேஜைப் படிக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். அந்தப் பயத்தை எங்கள் மேல் இறக்கி வைத்தார்.

அந்த கிராம் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 தொடக்கத்தில் சவரன் சுமார் 47,000 ரூபாய். 2025 ஏப்ரலில் 70,000-ஐத் தாண்டியது. சேதாரம், வரியை எல்லாம் விட்டுவிட்டு வெறும் தங்கம் என்று பார்த்தாலும், 1,40,000 ரூபாய் கொண்டு வந்தவருக்கு முன்னால் ஏறத்தாழ 3 சவரன் கிடைத்தது, பின்னால் 2 சவரன்தான். எங்கள் டார்கெட் மட்டும் அதே கிராமில் நின்றது. கடைக்குள் வருகிற பணம் குறையவில்லை, சில மாதம் கூடவும் செய்தது. ஆனால் கிராம் குறைந்ததால் எங்களுக்கு இன்சென்டிவ் இல்லை. தினமும் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள். 42 வயது அக்கா ஒருவர், பேரன் எடுத்தவர், கைகட்டி நின்று "நாளைக்கு முடிச்சிருவேன் சார்" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தங்கத்தின் விலையை ஏற்றியது அவரா?

நிற்பதைப் பற்றி. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-இலேயே வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்ற பெண்கள் வருடக்கணக்கில் போராடி வாங்கியது. நமக்கு அவ்வளவு போராடாமலே வந்தது. அதனாலேயே பலருக்கு அது இருப்பது தெரியவில்லை. எங்கள் கடையில் ஸ்டூல் வாங்கினார்கள், கவுன்டருக்கு ஒன்று. லேபர் ஆபீஸில் இருந்து வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மறு வாரத்தில் இருந்து, மதியம் 2 மணிக்கு ஆளே இல்லாத கடையில் யாராவது உட்கார்ந்தால் இன்டர்காம் அடிக்கும். "யார் அது, வளையல் கவுன்டரில்? வாக்-இன் வந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" மூன்று முறை அடித்த பிறகு யாரும் உட்காரவில்லை. ஸ்டூலில் இப்போது கவரும் காலண்டரும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கால் வலி என்று சொன்னால் எல்லோரும் லேசாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வளையல் கவுன்டர் அக்காவுக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருண்டு கயிறு மாதிரி புடைத்திருக்கும். புடவைக்குள் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு வருவார். அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ-க்கு மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆனால் அவருடைய காப்பீட்டு எண்ணைக் கேட்டால் "ஹெச்ஆர் அனுப்புவாங்க" என்றே பதில். இரண்டு வருடம் ஓடிவிட்டது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ட்ரேயை எல்லாம் எண்ணிப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட்ட நேரத்தில் அது நடக்காது. அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். சிறுநீர்த் தொற்று வராத பெண் எங்கள் தளத்தில் ஒருத்திகூட இல்லை. டாய்லெட் கடையிலேயேதான் இருக்கிறது, நல்ல சுத்தமாக. போகத்தான் முடியாது.

வேலை நேரத்துக்குச் சட்டம் உண்டு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், வீட்டுக்குப் போகப் பாதுகாப்பும் வண்டியும் வேண்டும். கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதி கொடுத்த அரசாணையிலேயே இந்த நிபந்தனை இருக்கிறது. 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை. நாங்கள் அதிகாலை 4.30-க்குக் கடைக்கு வந்தோம், இரவு 11-க்கு மேல் கிளம்பினோம். மதியச் சாப்பாடு பொட்டலமாக வந்தது, படிக்கட்டில் நின்றுகொண்டு பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டோம். அன்று கடைக்கு நல்ல வியாபாரம், நாங்களும் சந்தோஷப்பட்டோம். கூட்டம் நிறைந்த கடையில் விற்பது எனக்குப் பிடிக்கும். ஒரு கிராம் காசு வாங்கக்கூடச் சாமி கும்பிட்டுவிட்டு வருவார்கள், அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் மறுநாள் காலை 9.30-க்கு எல்லோரும் வழக்கம்போல வந்து நிற்க வேண்டும் என்று சொன்னபோது யாருக்கும் பேச வாய் வரவில்லை. ஓவர்டைம் என்று கேட்டதற்கு ஒரு டப்பா ஸ்வீட் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னது எங்கள் உடம்பைப் பற்றி. அதைவிட எனக்குப் பாரமாக இருப்பது வேறு.

2024 தை மாதம், கிராம் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் விற்ற சமயம், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குத் தாலி உரு எடுக்க வந்தார். 4 கிராம். பணத்தைத் துணியில் முடிந்து இடுப்பில் சொருகி வைத்திருந்தார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முறை, சேதாரத்தை 14 சதவீதத்தில் ஆரம்பிக்க வேண்டும், கேட்டால் 12, இன்னும் கேட்டால் மேலாளரைக் கூப்பிட்டு 10, எழுந்து போகிறவருக்கு 8. அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. தாலிக்கு பேரம் பேசக் கூடாது என்று நம்புகிறவர். 14 சதவீதம் என்றால் 0.56 கிராம், 3,360 ரூபாய். அதே நேரம் பக்கத்து நாற்காலியில் காரில் வந்த ஒரு குடும்பம் ஆரம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு 8 சதவீதத்தில் முடிந்தது. இந்த அம்மாவுக்கும் 8 போட்டிருந்தால் 1,920 தான். 1,440 ரூபாய் மிச்சம். நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன். "அவங்க கேட்டாங்களா? நீ யாருக்கு வேலை பார்க்கிற?" என்றார்.

பில் போட்டேன். அந்த அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய கடையில் முதலாளி ஆயிரம் கோபக்காரர், ஆனால் தாலிக்குச் சேதாரத்தை அவரே குறைத்துத்தான் போடுவார். "அது வியாபாரம் இல்ல, அந்தக் குடும்பத்தோட முதல் கணக்கு" என்பார். அந்தப் பெண் பிள்ளை பெற்று, காது குத்த நம் கடைக்குத்தான் வருவாள் என்று அவருக்குத் தெரியும். வந்தார்கள். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேதாரம் எவ்வளவு என்று முடிவு செய்வது உங்கள் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஒரே டிசைனுக்கு ஒரே சேதாரம் என்று எழுதி ஒட்டுங்கள், அல்லது எல்லோருக்கும் ஒரே அளவு குறைக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, பேசத் தெரியாதவளுக்கு ஒரு விலை என்று எங்கள் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

நகைச் சீட்டும் இப்படித்தான். முன்பணமாக வாங்கிய தொகையை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று விதி இருப்பதால் பெரும்பாலான சீட்டுகள் 11 மாதத்தில் முடிகின்றன. மாதம் 1,000, 2,000 என்று சேர்த்துத் தோடு எடுப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது, நானே கட்டியிருக்கிறேன். ஆனால் மாதத்துக்கு 15 புதுச் சீட்டு சேர்க்காவிட்டால் சம்பளம் தாமதமாகும் என்றால் நாங்கள் யாரிடம் போவோம்? அக்கா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் டீச்சர். எல்லோரையும் எங்கள் முகத்தை நம்பித்தான் சேர்க்கிறோம். 2023 அக்டோபரில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடை தன் கிளைகளைப் பூட்டியது. மதுரையிலும் சீட்டுக் கட்டியவர்கள் பூட்டின கதவு முன்னால் நின்றார்கள். அந்த வாரம் எங்கள் கடையில் சீட்டுப் போட்டவர்கள் எல்லாம் எனக்குத்தான் போன் செய்தார்கள். "உன்னை நம்பித்தானே கட்டினோம்" என்றார் என் பெரியம்மா. எங்கள் கடை நல்லபடியாகத்தான் நடக்கிறது, அவருக்கு நகையும் கிடைத்தது. ஆனால் கடையின் கணக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியாத ஒன்றுக்கு என் சொந்தக்காரர்களிடம் நான் ஜாமீன் நின்றிருக்கிறேன். சீட்டு சேர்ப்பதற்கு விருப்பப்பட்டவர்கள் சேர்க்கட்டும், சேர்த்தவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. காலையும் இரவும் மேலாளரோ அவர் நியமித்த ஒருவரோ எங்களோடு சேர்ந்து எண்ணட்டும், அதற்குக் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. கவுன்டரில் இருந்து யார் எதை எடுத்தாலும், முதலாளி வீட்டு ஆளே எடுத்தாலும், இரண்டு கையெழுத்து போட்ட சீட்டு வேண்டும். பீஸ் குறைந்தால் முதலில் அந்தச் சீட்டுகளைப் பாருங்கள், அப்புறம் கேமராவைப் பாருங்கள். எங்கள் உடம்பைத் தொடுவது அதற்கெல்லாம் பிறகு வரட்டும், அதுவும் போலீஸ் புகார் கொடுக்கிற அளவுக்கு உங்களுக்குக் காரணம் இருந்தால். இன்டர்காமை வைத்து ஸ்டூலில் இருந்து எழுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். டார்கெட்டை விலையைப் பார்த்து மாற்றிப் போடுங்கள். மேலாளராக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் மூன்று மாதம் எங்கள் பக்கத்தில் நிற்கட்டும். நாங்கள் சொல்லித் தருகிறோம். சந்தோஷமாகச் சொல்லித் தருவோம், தொழில் தெரிந்த ஒருவர் மாடியில் இருப்பது எங்களுக்குத்தான் முதலில் நல்லது.

அப்புறம், அந்த நான்காவது பெண்.

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தவள். கடை ஹாஸ்டலில் இரண்டு மாதம் தங்கினாள், அப்புறம் மேலூர்ப் பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வந்துபோனாள். அன்று இரவு அண்ணன் தேடியது அவளைத்தான். டிரெஸ்ஸிங் ரூமில் இருந்து தலை குனிந்து வந்தவளும் அவள்தான். ஒரு வாரம் வேலைக்கு வந்தாள், பிறகு வரவில்லை. மோதிரம் கிடைத்தபோது அவள் கடையில் இல்லை, அதனால் அவளிடம் பிடித்த பணம் திரும்பப் போகவில்லை. "திருடிட்டு நின்னுட்டாள்" என்று ஹாஸ்டலில் பேசிக்கொண்டார்கள். மோதிரம் கிடைத்த பிறகும் அந்தப் பேச்சை யாரும் மறுக்கவில்லை. நான் மறுத்தேன், என் குரல் எவ்வளவு தூரம் போகும்?

வேலைக்குச் சேரும்போது அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க்ஷீட்டுகளை வாங்கி அலுவலக பீரோவில் வைத்தார்கள். எல்லோரிடமும் வாங்குவார்கள், என்னுடையதும் அங்கேதான் இருந்தது. நான் போராடி வாங்கிவிட்டேன். அவள் அண்ணன் இரண்டு முறை கடைக்கு வந்து கேட்டார். "ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல் நின்றதால் தர முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். சென்ற வருடம் அவள் நர்சிங் படிக்க விண்ணப்பித்தாள். ஒரிஜினல் இல்லாததால் சேர்க்கை நடக்கவில்லை.

இந்த மடல் எந்தக் கடையைப் பற்றியது என்று அந்தக் கடையின் முதலாளிக்குப் புரியும். இரண்டாம் மாடி அலுவலகத்தில், இடது பக்க பீரோவின் மேல் தட்டில், நீல ஃபைலில் அவளுடைய மார்க்ஷீட்டுகள் இருக்கின்றன. முகவரி சேர்க்கைப் படிவத்தில் இருக்கும். அவளுக்குச் சேர வேண்டியது 3,850 ரூபாய். இரண்டையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், கூடவே மோதிரம் கிடைத்துவிட்டது என்று கடையின் முத்திரையோடு ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். இந்த வருடச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
மோதிர கவுன்டரில் நின்ற நான்கு பேரில் ஒருத்தி
மதுரை